ஆறாம் ஆண்டின் களஞ்சியம்

சட்டம் விதிப்போர் கேள்வியை விரும்புவதில்லை. விதியையும் அதனை மீறுவோர்க்குரிய தண்டனையையும் சொல்லி அமைவதே பண்டைச் சட்டநூல்களின் பொது இயல்பு. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரமோ, ஆறு ஆண்டுகள் நிலத்தை உழுது விதைத்து, திராட்சைக் கொடிகளைக் கிளைகழித்துப் பலனைச் சேர்த்துக்கொண்ட இஸ்ரவேலன், ஏழாம் ஆண்டில் உழவையும் விதைப்பையும் அறவே நிறுத்தி நிலத்தைத் தரிசாக விட்டுவிட வேண்டும் என்று விதித்த பின்னர், அதைக் கேட்ட மாத்திரத்தில் எந்தக் குடியானவன் நெஞ்சிலும் எழக்கூடிய கேள்வியைத் தானே எடுத்து அவன் வாயில் வைக்கிறது: விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை என்றால் அந்த ஆண்டில் வயிற்றுக்கு வழி என்ன? அக்கேள்வியை அவிசுவாசம் என்று அது கடிந்துகொள்ளவில்லை. கேட்கத்தக்க கேள்விதான் என்று ஒப்புக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான பலனை ஆறாம் ஆண்டிலேயே நிலம் தரும்படி கர்த்தர் தம் ஆசீர்வாதத்தைக் கட்டளையிடுவார் என்று விடையும் தருகிறது.

வாக்குத்தத்தத்தை நம்புவதை வருங்காலத்தோடும், பெற்ற நன்மையை நினைவுகூர்வதைச் சென்ற காலத்தோடும் சேர்த்துப் பேசுவது சமய நூல்களிலும் பிரசங்கங்களிலும் பழகிப்போன முறை. ஓய்வு ஆண்டு எனப்பட்ட இந்த ஏழாம் ஆண்டின் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கும்போது அப்பிரிவினை நிலைநிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. எபிரேய மக்களிடம் நம்பிக்கை என்பது பெரும்பாலும் ஞாபகத்தைக் கொண்டே உயிர்வாழ்ந்தது. அந்த ஞாபகமும் மனத்தளவில் நின்றுவிடாமல், கையிலிருந்த ஏரைக் கீழே வைப்பதாகிய கீழ்ப்படிதலில் வெளிப்பட வேண்டியதாக இருந்தது. அக்கீழ்ப்படிதலுக்கு எவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும், விலை கொடுக்க மாட்டாதபோது அம்மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சரித்திரம் ஒளிக்காமல் வைத்திருக்கிறது.

முதலில் நிலத்தின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம். பாலஸ்தீனத்து மலைநாட்டின் பயிர்த்தொழில் முழுவதும் மானாவாரி. காலால் நீர் இறைத்துக் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போல் பாய்ச்சிப் பயிரிட்ட எகிப்து தேசத்தைப் போன்றதன்று அந்த நாடு, வானத்து மழையைக் குடித்து வாழும் நாடு அது என்று உபாகமம் இவ்வேற்றுமையை வெளிப்படையாகவே எடுத்துக் காட்டுகிறது. ஏறக்குறைய நம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் முன்மாரி மண்ணை இளக்கினால்தான் அங்கே ஏர் பூட்ட முடியும். பங்குனியை ஒட்டி வரும் பின்மாரி கதிரைத் திரளச் செய்தால்தான் வைகாசியில் கோதுமை அறுக்க முடியும். 1908ஆம் ஆண்டில் கேசேர் என்னும் பழம்பதியை அகழ்ந்த மக்காலிஸ்டர், கையடக்கமான ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தார். கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாக அறிஞர்கள் கருதும் அக்கல்லில், பலன் சேர்க்கும் மாதங்கள் இரண்டு, விதைப்பு மாதங்கள் இரண்டு, பின்விதைப்பு மாதங்கள் இரண்டு, சணல் அறுக்கும் மாதம் ஒன்று, வாற்கோதுமை அறுக்கும் மாதம் ஒன்று என்று ஓராண்டின் உழைப்பு முழுவதும் சில வரிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் பெயரோ போர்ச் செய்தியோ அதில் இல்லை. மழையும் மண்ணும் வகுத்த முறைப்படியே ஆண்டு நகர்ந்த நாடு அது.

அந்நாட்டில் ஓர் ஆண்டு விதைப்பை நிறுத்துவதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓய்வு ஆண்டு இலையுதிர்காலத்தில், விதைப்புக்குச் சற்று முன்னே தொடங்குகிறது. ஆறாம் ஆண்டின் வைகாசியில் அறுத்த கோதுமைக்குப் பின்னர், ஏழாம் ஆண்டின் மழைக்கு விதைப்பு இல்லாமையால் அவ்வாண்டு வைகாசியில் அறுப்பும் இல்லை; எட்டாம் ஆண்டின் மழைக்கு விதைத்து அதன் வைகாசியில் அறுத்தால்தான் புதுத் தானியத்தைக் கண்ணால் காணலாம். ஒரே அறுப்பின் தானியத்தைக் கொண்டு இருபத்துநான்கு மாதங்கள் குடும்பம் உண்ண வேண்டும். அது மட்டுமன்றி, எட்டாம் ஆண்டில் தூவ வேண்டிய விதையும் அதே குவியலிலிருந்துதான் எடுத்து வைக்கப்பட வேண்டும். பசித்தாலும் விதைநெல்லில் கை வைக்காத சம்சாரியின் வைராக்கியம் நமக்குப் புதிதன்று. ஆனால் அவன் காத்திருப்பது ஒரு மழைக்காலத்துக்கு. பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டே, ஈரம் காயாத மண்ணில் கால் வைத்து நின்றுகொண்டே, விதையைத் தூவாமல் இன்னோர் ஆண்டு வைத்திருப்பது வேறு வகையான சோதனை. வறட்சியில் தரிசு கிடப்பது விதி என்று ஆறுதல் கொள்ளலாம்; நல்ல மழையில் தரிசு கிடப்பதற்குக் கீழ்ப்படிதலைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாது.

இவ்வளவு கடினமான பிரமாணத்தை மூடநம்பிக்கை என்றோ, கடவுளைப் பரீட்சை பார்ப்பது என்றோ ஒருவர் குறைகூறக்கூடும். உபாகமமே கடவுளைப் பரீட்சை பார்க்கலாகாது என்று தடுத்திருக்கையில், விதைக்காமல் சோறு கேட்பது பரீட்சை அல்லவா? இவ்விடத்தில்தான் வாக்குத்தத்தத்தின் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். தரிசாகக் கிடக்கும் ஏழாம் ஆண்டில் அற்புதமாக உணவு வரும் என்று அது கூறவில்லை; ஆறாம் ஆண்டில், இயல்பாக விதைத்து அறுத்த நிலத்திலேயே, முன்கூட்டியே மிகுதியான விளைவு வரும் என்றுதான் கூறுகிறது. கீழ்ப்படிய வேண்டிய ஆண்டுக்கு முந்திய ஆண்டிலேயே களஞ்சியம் நிறைந்துவிடுகிறது. ஆகவே ஏழாம் ஆண்டில் ஏரைத் தொடாதவன் காணாததை எதிர்நோக்கி இருளில் குதிப்பவன் அல்லன், கண்டதை மறவாதிருப்பவன். அவனுக்கு நேரும் சோதனையும் ஏழாம் ஆண்டின் வெறுமையில் தொடங்குவதன்று. ஆறாம் ஆண்டின் நிறைவிலேயே அது தொடங்கிவிடுகிறது: இவ்வளவு விளைந்தது நம் கைவண்மையால் அல்லவா, மிகுந்ததை விற்றுக் காசாக்கினால் என்ன, அடுத்த ஆண்டும் இப்படியே விதைத்தால் என்ன என்று நெஞ்சு தன்னோடு பேசத் தொடங்குவது நிறைந்த களத்துமேட்டில்தான். உண்டு திருப்தியடைந்து நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்போது, என் சாமர்த்தியமும் என் கைப்பலமும் இந்தச் செல்வத்தைச் சம்பாதித்தன என்று எண்ணிவிடாதே என்று உபாகமத்தின் எட்டாம் அதிகாரம் எச்சரிப்பது இதனால்தான். பசியைக் காட்டிலும் திருப்தியே மறதிக்குத் தாய் என்று அந்நூலாசிரியர் கருதினார் என்பது தெளிவு.

இவ்வரிசை ஓய்வு ஆண்டுக்குப் புதிதாக அமைந்ததன்று. யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் வரும் மன்னாவின் வரலாற்றிலும் இதே ஒழுங்கு சிறிய அளவில் காணப்படுகிறது. வனாந்தரத்தில் நாள்தோறும் தலைக்கு ஓர் ஓமர் அளவே மன்னாவைச் சேர்க்க வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்து நாறிப்போகும். ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர் கிடைக்கும். அதை எடுத்து வைத்தால் கெடுவதில்லை. ஏழாம் நாளில் வெளியே எதுவும் கிடைப்பதுமில்லை. ஆறாம் நாளின் இரட்டைப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டும் சிலர் ஏழாம் நாளில் கூடையோடு வெளியே போய் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அந்நூல் குறித்து வைத்திருப்பது மனித சுபாவத்தை அறிந்த ஒருவரின் எழுத்து. அவர்களுக்குப் பசி இல்லை, பழக்கந்தான் இருந்தது. யோர்தானைக் கடந்து கில்காலில் பஸ்காவை ஆசரித்து, அந்நாட்டுத் தானியத்தை உண்ட மறுநாள் மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவாவின் நூல் கூறுகிறது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு ஓமர் என்று நாற்பது ஆண்டுகள் பயின்ற பாடத்தை, ஏழு ஆண்டுக்கு ஒரு தரிசு என்று வயல்வெளியில் எழுதிப் பார்க்க வேண்டிய காலம் அதன் பின்னரே வந்தது. மன்னாவில் ஓர் ஓமர் அளவைக் கலசத்தில் இட்டுப் பின்வரும் தலைமுறைகளுக்காகச் சந்நிதியில் வைத்தார்கள் என்பதும் அவ்வதிகாரத்திலேயே உண்டு. ஆனால் கலசத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? வயலை எல்லாரும் பார்க்கலாம்.

ஓய்வு ஆண்டில் வயல் தானாக முளைத்ததைச் சுமந்து நின்றது. யாத்திராகமத்தின் பிரமாணம் அதை முதலில் ஏழைகளுக்கும், அவர்கள் விட்டதைக் காட்டு மிருகங்களுக்கும் உரியதாக்குகிறது. லேவியராகமமோ உடையவனையும், வேலைக்காரனையும், கூலிக்காரனையும், அந்நியனையும், கால்நடைகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. உடையவன் பசிக்குப் பறிக்கலாம்; ஆயினும் களஞ்சியத்தில் அடைக்கவோ சந்தைக்கு அனுப்பவோ அவனுக்கு உரிமையில்லை. பூமி என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் வந்து தங்கியிருக்கும் பரதேசிகள் என்று கர்த்தர் சொல்வதாக அதே அதிகாரம் கூறுகிறது. உபாகமம் இவ்வாண்டில் கடன்களையும் விடுவிக்கச் சொல்லி, ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்றும் கண்டிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாண்டுக்கு ஒரு முறை கூடாரப் பண்டிகையில் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் ஊரில் தங்கிய அந்நியர்களையும் ஒருங்கு கூட்டி நியாயப்பிரமாணத்தை உரக்க வாசிக்க வேண்டும் என்ற விதியும் இவ்வாண்டோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. மிஷ்னா என்னும் யூதர் சட்டத் தொகுப்பின்படி, எட்டாம் ஆண்டு பிறந்தவுடன் ஆலய முற்றத்தில் மரமேடை அமைத்து அரசனே அமர்ந்து வாசிப்பான். அகிரிப்பா மன்னன் அமராமல் நின்று வாசித்தான் என்றும், அந்நியனை அரசனாக்கலாகாது என்ற இடம் வந்தபோது தன் வம்சத்தை எண்ணிக் கண்ணீர் விட்டான் என்றும், கூடியிருந்தோர் அவனைத் தங்கள் சகோதரன் என்று கூறித் தேற்றினார்கள் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. அந்த வாசிப்பைக் கேட்ட கூட்டம் எத்தகைய கூட்டம் என்பதை எண்ண வேண்டும். ஓராண்டு தரிசைக் கடந்து, இருப்பைக் கொண்டு உயிர்வாழ்ந்து, இனி வரப்போகும் முன்மாரிக்கு விதையைக் கையில் வைத்திருந்த கூட்டம் அது. எகிப்திலிருந்து மீட்கப்பட்ட கதையை அவர்கள் காதால் கேட்டார்கள்; அதன் சாட்சியத்தை அவர்கள் வீட்டுக் குதிர்கள் தந்தன.

கடன் விடுவிப்பு இஸ்ரவேலர் மட்டுமே அறிந்த ஒன்றன்று. ஹம்முராபியின் கொள்ளுப்பேரனுக்கு மகனான அம்மிசதூக்கா என்னும் பாபிலோனிய அரசன், கி.மு. 17ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட சாசனம் ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. குடிகள் பட்ட வெள்ளிக் கடனையும் வாற்கோதுமைக் கடனையும் அது தள்ளுபடி செய்கிறது. அத்தகைய சாசனங்களை அரசர்கள் பட்டமேறும்போதோ தங்களுக்கு உசிதமென்று தோன்றும்போதோ பிறப்பித்தார்கள். எப்போது வரும் என்பது குடிகளுக்குத் தெரியாது; அரசனின் கருணையே அதற்கு நாட்காட்டி. இஸ்ரவேலரின் பிரமாணம் அந்த உரிமையை அரசனிடமிருந்து எடுத்து ஏழாண்டு என்னும் எண்ணிக்கையிடம் ஒப்படைத்தது. கடன்காரனும் கடன் கொடுத்தவனும் அந்த ஆண்டு எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிவார்கள். கருணையை நாட்காட்டியில் எழுதிவைப்பது வள்ளன்மையின் அழகைக் குறைக்கும் என்று ஒருவர் வாதிக்கலாம். கடன்பட்டவன் அப்படி வாதிக்கமாட்டான்.

அரசனின் கருணை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு எரேமியாவின் நூல் ஒரு கசப்பான உதாரணம் தருகிறது. கி.மு. 588ஐ ஒட்டிப் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் தங்களிடம் அடிமைப்பட்டிருந்த எபிரேய ஆண்களையும் பெண்களையும் விடுதலை செய்வதாக உடன்படிக்கை செய்தார்கள். எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்ற பழைய பிரமாணம் நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. ஆலயத்தில் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, அத்துண்டுகளின் நடுவே நடந்து ஆணையிட்டு, அடிமைகளையும் விட்டார்கள். எகிப்தியர் சேனை புறப்பட்டு வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் சில காலம் முற்றுகையை விலக்கியவுடன், விட்ட அடிமைகளை மறுபடியும் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பயத்தில் செய்த கீழ்ப்படிதல் பயம் நீங்கியதும் நீங்கிற்று. வாக்குத்தத்தம் அவர்களுக்கு ஆபத்தில் செலுத்தும் விலையாகத் தோன்றியதே ஒழிய, தாங்களும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்கள் என்ற ஞாபகத்தின் பயனாகத் தோன்றவில்லை. எரேமியா தம் கண்டனத்தை அந்த எகிப்திலிருந்தே தொடங்குவது தற்செயல் அன்று.

அதே முற்றுகையில், அந்த எரேமியாவே காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கையில் நடந்த இன்னொரு காரியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல், பென்யமீன் நாட்டிலுள்ள ஆனதோத்து ஊரின் நிலத்தை மீட்கும் பாத்தியம் உமக்குத்தான் உண்டு, வாங்கிக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டு வருகிறான். எருசலேமுக்கு வடகிழக்கே, நடந்தே போய்வரத்தக்க தொலைவில் உள்ளது அவ்வூர். நாட்டுப்புறமோ எதிரியின் பிடியில். அத்தருணத்தில் அந்த நிலத்துக்கு விலை கொடுப்பவனை உலகம் என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். நம் அளவில் அது ஏறக்குறைய இருநூறு கிராம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்து, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாகக் கிரயப் பத்திரத்தைத் தம் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் அழியாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நூலாசிரியரின் கற்பனை என்று இவ்வழக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. 1961ஆம் ஆண்டில் யிகாயேல் யாதீன் யூதேயப் பாலைவனத்துக் குகையொன்றில் கண்டெடுத்த பாபத்தா என்னும் பெண்ணின் ஆவணங்கள் எரேமியாவுக்கு ஏழு நூற்றாண்டு பிற்பட்டவை. அவற்றிலும் ஒரே வாசகத்தை இரு முறை எழுதி, மேற்பாதியைச் சுருட்டிக் கட்டி மூடி, கீழ்ப்பாதியைப் படிப்பதற்காகத் திறந்து விட்ட இரட்டைப் பத்திரங்கள் உள்ளன.

கிரயம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபம் செய்கிறார். ஜெபத்தின் முடிவில் ஐயமும் வெளிப்படுகிறது. நகரம் பகைவன் கையில் விழப்போகிறது, நீரோ சாட்சி வைத்து நிலம் வாங்கு என்று சொல்லியிருக்கிறீர் என்று அவர் முறையிடும்போது, அது ஏறக்குறைய வழக்காடுவது போலவே ஒலிக்கிறது. ஆனால் அந்த முறையீட்டுக்கு முன்னே நெடுந்தூரம் அவர் வானமும் பூமியும் படைக்கப்பட்டதையும், எகிப்தில் நடந்த அடையாளங்களையும், பிதாக்களுக்கு ஆணையிட்டுக் கொடுக்கப்பட்ட நாட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போகிறார். முதலில் வெள்ளி நிறுக்கப்படுகிறது. பிறகு பழைய நன்மைகள் நினைக்கப்படுகின்றன. அதற்கும் பிறகே கேள்வி எழுகிறது. ஐயம் தீர்ந்தவுடன் கீழ்ப்படிவோம் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை விசித்திரமாகத் தோன்றும். சிதேக்கியாவும் பிரபுக்களும் ஐயம் எதுவுமின்றி ஆணையிட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.

எருசலேம் வீழ்ந்தது; மக்கள் சிறைபோனார்கள். நாடு பாழாய்க் கிடந்த எழுபது ஆண்டுகளில், தனக்குக் கிடைக்க வேண்டியிருந்த ஓய்வு ஆண்டுகளை நிலம் தானே எடுத்துக்கொண்டது என்று நாளாகமத்தின் இரண்டாம் நூல் அதற்கு விளக்கம் கூறுகிறது. அவ்விளக்கத்திலேயே ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது: அரசர் காலத்தில் இப்பிரமாணம் பெரும்பாலும் அனுஷ்டிக்கப்படவில்லை. திரும்பி வந்தவர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நெகேமியாவின் காலத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஏழாம் ஆண்டின் பலனையும் கடன்களையும் விட்டுவிடுவோம் என்று எழுத்தில் உறுதி கூறினார்கள். அதன் பின்னர் அவர்கள் அதை மெய்யாகவே கைக்கொண்டார்கள் என்பதற்குப் புறச்சான்றுகள் உள்ளன. யூலியு சீசர் யூதர்களுக்கு வரி விதித்தபோது, விதைப்பும் பலனெடுப்பும் இல்லாத ஏழாம் ஆண்டுக்கு விலக்களித்த ஆணையை யோசேப்பு என்னும் சரித்திராசிரியர் எடுத்துக் காட்டுகிறார். ரோமாபுரியின் தாசித்து இதையே சோம்பலின் சுகத்துக்காக வகுத்துக்கொண்ட வழக்கம் என்று இகழ்ந்து எழுதினார். வரி வசூலிக்கிறவர் புரிந்துகொண்டதைச் சரித்திரம் எழுதுகிறவர் புரிந்துகொள்ளவில்லை.

இனி, இக்கட்டுரைக்கு எதிராகவே எடுத்துக் காட்டத்தக்க ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறோம். கத்தோலிக்கரின் வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் முதல் நூல், கி.மு. 163, 162ஐ ஒட்டி லீசியா என்னும் தளபதி, இளம் அரசன் அந்தியோக்குவுடன் பெருஞ்சேனை கொண்டுவந்து பெத்சூர்க் கோட்டையையும் பின்னர் எருசலேம் ஆலயத்தையும் முற்றுகையிட்டதைக் கூறுகிறது. அது ஓய்வு ஆண்டு. பெத்சூரில் இருந்தவர்கள் உணவின்றிச் சரணடைந்தார்கள். ஆலயத்தில் இருந்தவர்களும் பட்டினியால் சிதறினார்கள். ஆறாம் ஆண்டின் ஆசீர்வாதம் எங்கே போயிற்று? நூலாசிரியர் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். புறஜாதியார் நடுவிலிருந்து தப்பி யூதேயாவில் அடைக்கலம் புகுந்த மக்கள், களஞ்சியங்களில் எஞ்சியிருந்ததை உண்டு தீர்த்துவிட்டார்கள் என்பது அது. கலிலேயாவிலும் கிலேயாத்திலும் துன்புற்ற யூதர்களை யூதப் படைத்தலைவர்களான மக்கபேயர் மனைவி மக்களோடு அழைத்து வந்ததை முந்திய அதிகாரத்தில் அவரே விவரித்திருக்கிறார். களஞ்சியம் நிறைந்துதான் இருந்தது. அதை அடைக்கலம் தேடி வந்தவர்கள் உண்டார்கள். அந்நியனும் கூலிக்காரனும் ஒன்றாக உண்ண வேண்டும் என்ற பிரமாணத்தின் இன்னொரு பகுதி, கோட்டையைக் காப்பதற்கு வேண்டிய தானியத்தைச் செலவழித்துவிட்டது.

பின்னர் பிலிப்பு என்னும் போட்டியாளன் அந்தியோகியாவைக் கைப்பற்ற வருவதாகச் செய்தி கேட்டு லீசியா அவசரமாகச் சமாதானம் பேசி, யூதர் தங்கள் பிரமாணங்களின்படி வாழலாம் என்று இணங்கினான். அரசனோ உள்ளே வந்ததும் ஆணையை மீறி மதிலை இடித்தான். இதைக் கொண்டு வாக்குத்தத்தம் நிறைவேறிற்று என்று வாதிப்பது எளிது. அப்படி வாதிக்க எமக்கு மனமில்லை. நூலாசிரியரும் அப்படி வாதிக்கவில்லை. பட்டினியைப் பட்டினி என்றே எழுதி, ஓய்வு ஆண்டைக் குறைகூறாமலும், அதற்குப் பரிந்து பேசாமலும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். வாக்குத்தத்தத்தைப் பற்றிய பல பிரசங்கங்களில் காணாத நேர்மை அந்த மௌனத்தில் இருக்கிறது.

கடன் விடுவிப்பில் வந்த தளர்ச்சி வேறு வகையானது. ஏழாம் ஆண்டு நெருங்கும்போது கடன் கொடுக்க மறுக்காதே என்று உபாகமம் எதைத் தடுத்ததோ அதையே செல்வர்கள் செய்தார்கள்; கடன் ஒழிந்துவிடும் என்று அஞ்சி ஏழைகளுக்குக் கதவைச் சாத்தினார்கள். சகாப்த மாற்றத்தை ஒட்டி வாழ்ந்த ஹில்லேல் என்னும் பேரறிஞர் இதைக் கண்டு புரொஸ்புல் என்னும் ஏற்பாட்டைச் செய்தார் என்று மிஷ்னா கூறுகிறது. கடன் கொடுத்தவன் தன் பத்திரங்களை ஏழாம் ஆண்டு முடியுமுன் நியாய சபையிடம் ஒப்படைத்துவிடுவான்; தனிமனிதன் வசூலிக்கும் கடனைத்தான் ஓய்வு ஆண்டு ஒழிக்கும், சபை வசூலிக்கும் கடனை அது தொடாது என்பது இதன் அடிப்படை. சட்டத்தைச் சட்டத்தால் வளைத்த தந்திரம் என்று இதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏழையின் வாசலில் நின்று பார்த்தால் அந்த ஏளனம் எளிதில் வராது. கடன் கிடைத்தால்தான் அவனுக்கு விதை கிடைக்கும். ஹில்லேல் பிரமாணத்தின் ஒரு பாதியைக் காப்பதற்காக மற்றொரு பாதியைத் தளர்த்தினார்; எனினும் அப்பிரமாணம் செத்துவிட்டதாக அவர் பாவிக்கவில்லை. பத்திரத்தைச் சபையில் ஒப்படைக்க வருகிற ஒவ்வொருவனும், இது விடுவிக்கப்பட வேண்டிய கடன் என்பதை அறிந்தே வருகிறான். 3ஆம் நூற்றாண்டில் ரோமரின் வரிச்சுமை தாங்க முடியாமற்போனபோது, ஏழாம் ஆண்டிலும் போய் விதையுங்கள் என்று யன்னாய் என்னும் ரபி அறிவித்தார் என்று தல்மூது குறித்திருக்கிறது. சீசர் அளித்த விலக்கு அதற்குள் மறைந்திருந்தது.

விதைக்கச் சொன்ன பிறகு அந்தப் பிரமாணம் மறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணினால், பெத்செயான் சமவெளியில் ரெகோப் என்னும் இடத்தின் ஜெபாலயத் தரை அவ்வெண்ணத்தை மறுக்கிறது. 1970களில் வெளிப்பட்ட அந்த வண்ணக்கல் தளத்தில், 29 வரிகளில், ஓய்வு ஆண்டின் விலக்குகள் ஊரூராக, எல்லையெல்லையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளரி, தர்பூசணி, புதினா, எள், கடுகு, அரிசி, சீரகம், பூண்டு, வெங்காயம் என்று மளிகைக் கடைப் பட்டியலைப் போல அது நீள்கிறது. எந்த வாயில் முதல் எந்த வயல் வரையில் விலக்கு, அதற்கப்பால் எங்கே தளர்வு என்றும் வரையறுக்கிறது. 6ஆம் அல்லது 7ஆம் நூற்றாண்டில், ஆலயமும் அரசும் போய் ஐந்து நூற்றாண்டுக்கு மேலான பிறகு, தொழ வருகிறவன் காலடியில் எழுதி வைக்கத்தக்க செய்தியாக அவ்வூரார்க்குச் சங்கீதமோ தீர்க்கதரிசனமோ தோன்றாமல், எந்த வெங்காயத்தை வாங்கலாம் என்ற கேள்வி தோன்றியிருக்கிறது. பக்தியின் உயரத்தை மட்டும் தேடுவோர்க்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கீழ்ப்படிதல் அன்றாடம் நடக்கிற இடம் காய்கறிச் சந்தைதான்.

பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்கள் மறுபடியும் பயிரிடத் தொடங்கிய பின், 1888-89இல் வந்த ஓய்வு ஆண்டில் இப்பழைய கேள்வி புதிய வேகத்தோடு எழுந்தது. கடனிலும் காய்ச்சலிலும் தத்தளித்த குடியேறிகள் ஓராண்டு நிறுத்தினால் அடியோடு அழிந்துபோவார்கள் என்று அஞ்சி, கொவ்னோ நகரத்து இஸாக் எல்கானான் ஸ்பெக்டர் முதலிய ரபிகள், நிலத்தை அவ்வாண்டுக்கு மட்டும் யூதரல்லாதார்க்கு விற்றுவிட்டுப் பயிரிடலாம் என்று இசைந்தார்கள். எருசலேமின் ரபிகளில் பலர் மறுத்தார்கள். 1909-10இல் யாப்பா நகரின் ரபியாக இருந்த ஆபிரகாம் இஸாக் கூக் அந்த விற்பனையை ஆதரித்து நூலே எழுதினார். விநோதம் என்னவென்றால், ஓய்வு ஆண்டைத் தவிர்க்க வழிகாட்டும் அந்நூலின் முன்னுரை, ஓய்வு ஆண்டின் மகிமையைப் போற்றி எழுதப்பட்ட சிறந்த வசனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவருடைய எதிர்த்தரப்பின் பெருந்தூணாகப் பிற்காலத்தில் விளங்கிய, ஹசோன் ஈஷ் என்று வழங்கப்பட்ட கரெலிட்ஸ், 1933இல் வந்து பெனேபெராக்கில் குடியேறி, விற்பனை என்னும் ஏற்பாட்டை ஏற்காமல், மெய்யாகவே நிலத்தை விடத் துணிந்த சிறு பண்ணைகளுக்குத் துணைநின்றார். ஆனால் அவரும் அக்குடியானவர்களைச் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலைச் சாத்திக்கொள்ளவில்லை. எந்த மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் விட்டால் அது பட்டுப்போகாமல் உயிரோடிருக்கும், எதற்கு மேல் விட்டால் அது காய்ப்பதற்காகச் செய்த வேலையாகிவிடும் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு அளந்து விதி கூறினார்.